ஊசி போடுகிறவர் விமானம் ஓட்டக் கூடாதா?

2020 ஆகஸ்ட் 7 இரவு, கொட்டும் மழையில், துபாயிலிருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் கோழிக்கோட்டில் இறங்கியது. ஓடுபாதை முடிந்தும் நிற்கவில்லை. மேட்டு விளிம்பைத் தாண்டிச் சரிந்து உடைந்தது. உள்ளே இருந்த 190 பேரில் இரு விமானிகள் உட்பட 21 பேர் இறந்தார்கள். விமான விபத்துப் புலனாய்வு அமைப்பு 2021 செப்டம்பரில் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது.

அறிக்கை பல விஷயங்களைச் சொல்கிறது. ஊர்ப் பேச்சில் தங்கியது ஒன்றுதான்: கேப்டனுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. “சுகர் இருக்கறவங்கள எப்படி சார் பிளேன் ஓட்ட விடறாங்க?” என்று செங்கல்பட்டில் என் கிளினிக்குக்கு வருகிறவர்களே கேட்டார்கள். கேட்டவர்களில் சர்க்கரை நோயாளிகளும் உண்டு, மருத்துவர்களும் உண்டு. மாத்திரை போடுகிறவரே கூடாது என்னும்போது இன்சுலின் ஊசி போடுகிறவரைப் பற்றிப் பேச்சே இல்லை. அந்த இடத்தில் அரசு விதியும் மக்கள் கருத்தும் ஒத்துப்போகின்றன. ஊசி என்று வந்துவிட்டால் விமானி வேலை அத்தோடு முடிந்தது.

இந்தக் கருத்தை நான் மறுக்கிறேன். சர்க்கரை நோயில் ஆபத்தே இல்லை என்று சொல்ல வரவில்லை. சர்க்கரை இறங்கி மயங்கியவர்களை நள்ளிரவில் பார்த்துக் குளுக்கோஸ் ஏற்றிய மருத்துவன் அப்படிச் சொல்ல முடியாது. ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கே நாம் பார்க்கவில்லை என்பதே என் வாதம். மணிக்கு மணி அளந்து, எழுதி வைத்து, பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் சொல்லிவிட்டு ஓட்டுகிற இன்சுலின் விமானியைவிட, யாருக்கும் தெரியாமல் மாத்திரை விழுங்கிவிட்டு ஓட்டுகிற விமானியால் பயணிகளுக்கு ஆபத்து அதிகம். நம் விதி முதலாமவரை வாசலிலேயே திருப்பி அனுப்புகிறது. இரண்டாமவர் உருவாகக் காரணமாகவும் இருக்கிறது.

கோழிக்கோடு அறிக்கையையே எடுத்துக்கொள்வோம். எதிர்த்தரப்பின் முதல் சாட்சி அதுதான். 8,858 அடி ஓடுபாதையில் விமானம் தரையைத் தொட்டது சுமார் 4,438 அடி தாண்டிய பிறகு. பாதி ஓடுபாதை வீண். பின்காற்று இருந்தது. கேப்டன் பக்கத்துக் கண்ணாடியின் வைப்பர் வேலை செய்யவில்லை. இறங்காமல் மேலேறிச் சுற்றி வரலாம் என்று துணை விமானி சொல்லியும் கேப்டன் இறக்கினார். நிலைப்படாத இறக்கத்தை விடாமல் தொடர்ந்ததும், வகுத்த நடைமுறையைப் பின்பற்றாததுமே விபத்துக்குக் காரணமாக இருக்கலாம் என்கிறது அறிக்கை. துணைக் காரணங்கள் பட்டியலில்தான் சர்க்கரை வருகிறது. அங்கே அது என்ன சொல்கிறது? கேப்டனுக்கு அனுமதிக்கப்பட்டிருந்தது மெட்ஃபார்மின். அதற்கு மேல், பரிந்துரைக்கப்படாத வேறு சர்க்கரை மாத்திரைகளையும் அவர் எடுத்துவந்திருக்கிறார். அதனால் லேசாகச் சர்க்கரை இறங்கி, சிக்கலான முடிவெடுக்கும் திறன் நுட்பமாகக் குறைந்திருக்கலாம் என்கிறது. ‘இருக்கலாம்’ என்றுதான் சொல்கிறது. உறுதியாகச் சொல்லவில்லை.

அந்தப் பத்தியை நிதானமாக வாசித்தால், சர்க்கரை நோயாளி விமானம் ஓட்டியதற்கு எதிரான சாட்சியம் அதில் இல்லை. பதிவில் இல்லாத மாத்திரைக்கு எதிரான சாட்சியம் இருக்கிறது. அந்த விமானம் கிளம்பும் முன் கேப்டனின் விரல் நுனியிலிருந்து ஒரு துளி ரத்தம் எடுத்துப் பார்க்கும்படி எந்த விதியும் கேட்கவில்லை. இறங்குவதற்கு அரைமணி முன் பார்க்கும்படியும் கேட்கவில்லை. அவர் சர்க்கரை அப்போது எவ்வளவு என்பது துணை விமானிக்குத் தெரிந்திருக்க வழியில்லை. இன்சுலின் போடும் விமானிகளை அனுமதிக்கும் நாடுகளில் இவை அனைத்தும் கட்டாயம். நாமோ மாத்திரைக்கு அனுமதி தந்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறோம். ஊசிக்கு மட்டும் கதவை அடைக்கிறோம்.

நன்றாகப் பயிற்சி பெற்ற, நீண்ட அனுபவமுள்ள ஒருவர் ஏன் எழுதித் தராத மாத்திரையை எடுக்க வேண்டும்? அந்த மனிதரின் மனதில் என்ன இருந்தது என்று நான் ஊகிக்க மாட்டேன். இறந்தவரால் பதில் சொல்ல முடியாது. ஆனால் என் எதிரே உட்காருகிறவர்களின் மனதில் என்ன இருக்கிறது என்பதை நான் அறிவேன். இந்த ஜிஎஸ்டி சாலையில் கம்பெனி பஸ் ஓட்டுகிறவர்கள், மறைமலை நகரில் கிரேன் இயக்குகிறவர்கள், வெளிநாட்டுக் கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் வருவார்கள். உட்கார்ந்ததும் முதல் வாக்கியம் இதுதான்: “அடுத்த மாசம் மெடிக்கல் வருது டாக்டர், ரிப்போர்ட் நல்லா வரணும்.” உடம்பு நன்றாக வர வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. ரிப்போர்ட் நன்றாக வர வேண்டும். மூன்று நாள் சோற்றை நிறுத்திவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருவார்கள். நம் ஊரில் மருந்துக்கடையில் பழைய அட்டையைக் காட்டினால் சர்க்கரை மாத்திரை கிடைத்துவிடும். மூன்று மாதச் சராசரியைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதைப் பார்த்து நான் இன்சுலின் எழுதினால் கையெடுத்துக் கும்பிடுவார்கள். “ஊசி மட்டும் வேண்டாம் டாக்டர், வேலை போயிடும். மாத்திரையிலேயே பாத்துக்கலாம்.” ஆறு மாதத்தில் வந்திருக்க வேண்டிய ஊசியை ஆறு ஆண்டு தள்ளிப்போடுவார்கள். அதற்குள் கண்ணில் ரத்தக் குழாய் கசியத் தொடங்கிவிடும், பாதம் மரத்துவிடும்.

ஒரு தடை மனிதரை எப்படி நடந்துகொள்ள வைக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவையில்லை. விமானிக்கு இந்த அழுத்தம் பல மடங்கு. பயிற்சிக்காக நிலத்தை விற்றோ, வங்கியில் கடன் வாங்கியோ செலவழித்த தொகை பல லட்சம். ஆண்டுக்கு ஒரு முறை, அறுபது வயதுக்கு மேல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, முதல் வகுப்பு மருத்துவச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் காகிதம் இல்லாத அன்று சம்பளம் இல்லை. அப்படிப்பட்டவரிடம் போய், ‘உன் சர்க்கரை மாத்திரைக்கு அடங்கவில்லை என்று நீயே வந்து சொல், சொன்ன மறுநாள் உன் வேலையைப் பறிப்போம்’ என்கிறது நம் விதி. அப்புறம் ஏன் மறைத்தார்கள் என்று வியக்கிறோம்.

மருந்தைப் பற்றி இங்கே ஒரு விளக்கம் தேவை. மெட்ஃபார்மின் தனியாக எடுக்கும்போது சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்குவது மிக அரிது. கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை வேறு ரகம். கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கும். கை நடுக்கம், வியர்வை, பசி, படபடப்பு முதலில் வரும். அதைக் கவனிக்காவிட்டால் யோசனை மந்தமாகும், எரிச்சல் வரும், சொன்னது காதில் ஏறாது. சர்க்கரையை இறக்கும் திறன் ஊசிக்கு மட்டும் உரியதல்ல என்பதைப் பிரிட்டன் புரிந்துகொண்டது. அங்கே இந்த வகை மாத்திரை எடுக்கும் விமானிக்கும் இன்சுலின் எடுக்கும் விமானிக்கும் ஒரே மாதிரியான கண்காணிப்புதான். நாம் ‘மாத்திரையா, ஊசியா’ என்று கேட்கிறோம். ‘இறங்குமா, இறங்காதா, இறங்கினால் யார் பார்ப்பார்கள்’ என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

இப்போது விதிக்கு வருவோம். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் முதல் இணைப்பு, இன்சுலின் சிகிச்சையில் இருப்பவரைத் தகுதியற்றவர் என்று கருத வேண்டும் என்கிறது. உணவுக் கட்டுப்பாட்டிலோ, பாதுகாப்பான மாத்திரையிலோ சர்க்கரை அடங்கியிருந்தால் தகுதி தரலாம் என்கிறது. நம் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் நடப்பது அந்த வழியில்தான். அந்த இணைப்பு முதலில் ஏற்கப்பட்டது 1948-இல். அந்தக் காலத்தில் சர்க்கரை பார்ப்பது என்றால் என்ன என்று வயதான நோயாளிகளைக் கேட்டுப் பாருங்கள். சோதனைக் குழாயில் பெனடிக்ட் கரைசலை எடுத்து, சில சொட்டுச் சிறுநீர் விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார்கள். நீலமாக இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று போய்ச் செங்கல் நிறம் வந்தால் அதிகம். சில மணி நேரத்துக்கு முன் உடம்பில் என்ன நடந்தது என்று மட்டுமே அது சொல்லும். சர்க்கரை இறங்குவதை அது காட்டவே காட்டாது. அந்தக் கருவியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒருவரை விமானி இருக்கையில் உட்கார வைக்க முடியாது என்று அன்று நினைத்தவர்கள் சரியாகவே நினைத்தார்கள்.

இன்று மேல்கையில் ஒட்டிக்கொள்ளும் நாணயம் அளவு சென்சர் இருக்கிறது. தோலுக்கடியில் மயிரிழை போன்ற ஒரு கம்பி. சில நிமிடங்களுக்கு ஒரு முறை சர்க்கரை அளவைச் செல்பேசிக்கு அனுப்புகிறது. அளவோடு ஒரு அம்புக்குறியும் வரும். நேராக இருந்தால் நிலை, கீழ்நோக்கிச் சாய்ந்தால் இறங்குகிறது, செங்குத்தாகக் கீழே என்றால் வேகமாக இறங்குகிறது. எல்லையைத் தொடும் முன்பே அலறுகிறது. ஒரு சென்சர் இரண்டு வாரம் வரை வரும், விலை சில ஆயிரம் ரூபாய். என் நோயாளிகளில் பள்ளிப் பிள்ளைகளும் அதைப் போட்டிருக்கிறார்கள். ஆசிரியருக்கும் தாய்க்கும் ஒரே நேரத்தில் அளவு தெரிகிறது. மாறியது கருவி மட்டும் இல்லை, ஆபத்தின் தன்மையே மாறிவிட்டது. விதி மட்டும் மாறவில்லை.

மாற்றிய நாடுகள் என்ன கண்டன? கனடா இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிபந்தனையோடு அனுமதித்தது. பிரிட்டன் 2012-இல் இன்சுலின் போடும் விமானிகளுக்கு முதல் வகுப்புச் சான்று தரத் தொடங்கியது. அயர்லாந்தும் ஆஸ்திரியாவும் அதே நடைமுறையில் சேர்ந்தன. நடைமுறை எளிமையானது, கறாரானது. பறப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு சோதனை. பறக்கும்போது மணிக்கு ஒன்று. தரையிறங்க அரைமணிக்குள் ஒன்று. அளவு 90-க்கும் 270-க்கும் இடையில் இருந்தால் பச்சை. அதற்குச் சற்றுக் கீழே போனால் மஞ்சள்: 10 முதல் 15 கிராம் வரை இனிப்பு சாப்பிட்டுவிட்டு அரைமணியில் மறுபடி பார்க்க வேண்டும். 72-க்குக் கீழே சிவப்பு: கட்டுப்பாட்டை அடுத்த விமானியிடம் ஒப்படைத்துவிட்டு, சாப்பிட்டு, கால்மணியில் திரும்பப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு அளவும் எழுதப்படும். வணிக விமானத்தில் எப்போதும் இன்னொரு விமானி உடனிருக்க வேண்டும்.

2020-இல் டயபிடீஸ் கேர் இதழில் அதன் முடிவுகள் வந்தன. 49 விமானிகள். 22,078 பறப்பு மணி நேரம். 38,621 சர்க்கரை அளவுகள். அவற்றில் 97.69 விழுக்காடு பச்சை எல்லைக்குள். ஆபத்தான தாழ்நிலையான சிவப்பில் விழுந்தவை 48, அதாவது 0.12 விழுக்காடு. செயலிழந்து போன விமானி ஒருவர்கூட இல்லை. எல்லையை மீறிய அளவுகளின் பங்கு 2013-இல் 5.7 விழுக்காடாக இருந்து 2019-இல் 1.2 ஆகக் குறைந்தது. பயிற்சியும் கருவியும் கூடக்கூட அவர்கள் மேலும் பத்திரமாகப் பறந்திருக்கிறார்கள்.

49 பேர் சிறிய எண்ணிக்கைதான், மறுக்கவில்லை. ஒழுக்கமாக நோயைப் பார்த்துக்கொள்கிறவர்கள் மட்டும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதும் உண்மை. ஆனால் அப்படித் தேர்ந்தெடுக்கச் சொல்லித்தான் நானும் கேட்கிறேன். எல்லாரையும் ஏற்றச் சொல்லவில்லை.

அமெரிக்காவில் இது வழக்காடிப் பெற்ற உரிமை. 1996-இலேயே இன்சுலின் போடுகிறவர்கள் தனிப்பட்ட முறையில் சிறு விமானம் ஓட்ட அனுமதி கிடைத்தது. சம்பளத்துக்கு ஓட்டத் தடை தொடர்ந்தது. எரிக் ஃப்ரீட்மன் என்ற விமானி கூட்டரசு விமானப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தார். 2016-இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், மறுப்புக்கு ஏற்ற காரணம் சொல்லவில்லை என்று விஷயத்தை நிர்வாகத்துக்கே திருப்பி அனுப்பியது. 2019 நவம்பரில் நிர்வாகம் புதிய நடைமுறையை அறிவித்தது. அதன் அடித்தளம் இந்தத் தொடர் கண்காணிப்பு சென்சர்தான். அடுத்த ஆண்டே, முதல் வகை சர்க்கரை நோயுள்ள பியெட்ரோ மர்சாலா முதல் வகுப்புச் சான்று பெற்றார். இவர்களுக்கெல்லாம் முன்னோடி டக்ளஸ் கெய்ர்ன்ஸ். பிரிட்டிஷ் விமானப் படையில் பயிற்சியாளராக இருந்தவர். 1989-இல் நோய் தெரிந்ததும் பறக்கும் வேலையை இழந்தார். 2002-இல் சிறு விமானத்தில் கிளம்பி 2003-இல் உலகைச் சுற்றி முடித்தார்.

வெள்ளைக்காரர் ஒழுக்கம் நமக்கு வராது என்று ஒரு வாதம் உண்டு. எனக்குக் கோபம் வருவது இதைக் கேட்கும்போதுதான். சதுரங்கப்பட்டினத்துப் பக்கம் ஒரு மீனவர் என்னிடம் சிகிச்சை பெறுகிறார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன், என்னைவிட மூத்தவர். இரண்டு வேளை இன்சுலின். விடிவதற்கு முன்பே ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். அவருடைய பிளாஸ்டிக் டப்பாவை ஒரு நாள் திறந்து காட்டச் சொன்னேன். பாலிதீன் உறையில் சுற்றிய குளுக்கோமீட்டர், ஈரம் படாமல் மூடிய ஸ்ட்ரிப் குப்பி, நாலு கடலை உருண்டை, ஒரு குளுக்கோஸ் பொட்டலம். படகைத் தள்ளும் முன் விரலில் குத்திப் பார்க்கிறார். நூற்று இருபதுக்குக் கீழே இருந்தால் ஒரு உருண்டையைத் தின்றுவிட்டுத்தான் ஏறுகிறார். வலை இழுத்து முடித்ததும் மறுபடி பார்க்கிறார். “கூட வர்ற பையன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன் டாக்டர். நான் பேச்சு தடுமாறினா கேள்வி கேக்காம பொட்டலத்தப் பிரிச்சு வாயில கொட்டிடுடா, எஞ்சின நீ புடின்னு.” பிரிட்டனின் நடைமுறை முழுவதும் அந்த டப்பாவிலும் அந்த இரண்டு வாக்கியத்திலும் இருக்கிறது. பறப்பதற்குமுன் அளவு, வேலைக்கு நடுவில் அளவு, உடனிருப்பவருக்குத் தகவல், கட்டுப்பாட்டை ஒப்படைத்தல். பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது தாண்டாத மனிதர் கடலில் கடைப்பிடிக்கிற ஒழுங்கை, பறக்கப் பயின்று உரிமம் பெற்றவரால் கடைப்பிடிக்க முடியாது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

அடுத்த வாதம் கனமானது: “ஒரு லாரி கவிழ்ந்தால் ஒருவர், இருவர். விமானம் விழுந்தால் இருநூறு பேர். ஒரு துளி ஆபத்தும் கூடாது.” கேட்க நியாயமாக இருக்கிறது. விமானத் துறை ஒருநாளும் அப்படி இயங்கியதில்லை. விமானியின் உடல்நிலையைப் பொறுத்தவரை, இரு விமானிகள் ஓட்டும் விமானத்தில் ஒருவர் திடீரெனச் செயலிழக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு ஒரு விழுக்காடு வரை இருக்கலாம் என்பது பல நாடுகள் ஏற்ற அளவுகோல். இதய நோயை எடைபோடுவது அந்தத் தராசில்தான். அடைப்பு நீக்கி ஸ்டென்ட் வைத்தவர்கள் ஐரோப்பாவில் ஆறு மாதம் கழித்துச் சோதனைகளில் தேறினால் இன்னொரு விமானியோடு பறக்கலாம். 1972 ஜூன் 18 அன்று லண்டன் அருகே ஸ்டெயின்ஸில் டிரைடன்ட் விமானம் விழுந்து 118 பேர் இறந்தார்கள். கேப்டனின் இதயக் குழாய்கள் மோசமாகப் பழுதுபட்டிருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. அதற்குப் பிறகு இதய நோய் உள்ளவர்கள் அத்தனை பேரையும் உலகம் வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. ஒருவர் சாய்ந்தால் மற்றவர் எப்படி ஏற்க வேண்டும் என்ற பயிற்சியை வலுவாக்கியது. 2010 மே 22 மங்களூரு விபத்தில் 158 பேர் இறந்தார்கள். கேப்டன் பயணத்தின் பெரும்பகுதி தூங்கியிருந்ததை விசாரணை வெளிக்கொண்டுவந்தது. தூக்கம் வருகிறவர் விமானியாகக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. பணிநேரம், ஓய்வு பற்றித்தான் பேசினார்கள். இதயத்துக்கும் தூக்கத்துக்கும் அளந்து முடிவெடுக்கிற துறை, அளப்பதற்கு மிகச் சுலபமான சர்க்கரைக்கு மட்டும் அளக்காமலே முடிவெடுக்கிறது. மாரடைப்பு முன்னறிவிப்பு தருவது நிச்சயம் இல்லை. சர்க்கரையோ எண்ணாகத் திரையில் தெரியும்.

‘நோயில்லாத இளைஞர்கள் ஆயிரக்கணக்கில் காத்திருக்கும்போது நோயாளிக்கு ஏன் இத்தனை பாடு?’ என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. 2025 டிசம்பர் முதல் வாரத்தில், விமானிகளின் ஓய்வு பற்றிய புதிய விதி நடைமுறைக்கு வந்த பிறகு, நாட்டின் மிகப் பெரிய விமான நிறுவனத்தால் ஆள் போதாமல் ஆயிரக்கணக்கான விமானங்களை இயக்க முடியவில்லை. திரிசூலம் விமான நிலையத்தில் பெட்டிகளோடு தரையில் படுத்துக் கிடந்த பயணிகளில் இந்த மாவட்டத்துக்காரர்களும் இருந்தார்கள். 2023-இல் ஏர் இந்தியா 470 விமானங்களுக்கும் இண்டிகோ 500 விமானங்களுக்கும் ஆர்டர் கொடுத்தன. அவற்றை ஓட்டப்போகிற கேப்டன்கள் நாளை பிறக்கப்போகிறவர்கள் அல்ல. இன்று நாற்பதை நெருங்குகிறவர்கள். அந்த வயதில்தான் நம்மவர்களுக்குச் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் ஆய்வு, நாட்டில் 11.4 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் என்றது. தமிழ்நாட்டில் 14.4. இந்த மண்ணில் சர்க்கரையை விலக்கி வைத்துவிட்டு விமானிகளைத் தேடுவது நடக்காத காரியம். அனுபவம் முதிர்ந்த கேப்டனை ஊசிக்காக வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் அனுபவம் குறைந்தவரை உட்கார வைப்பதும் பாதுகாப்பைப் பாதிக்கும். அந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை.

‘உலக அமைப்பே சொல்லிவிட்டதே’ என்பவர்களுக்கு: அதே இணைப்பில், மருத்துவ அளவுகோலை எட்டாதவருக்கும், அவரால் பாதுகாப்பு கெடாது என்று தகுதியான மருத்துவ முடிவு இருந்தால் உரிமம் தரலாம் என்ற வழியும் இருக்கிறது. பிரிட்டனும் கனடாவும் அந்த அமைப்பில்தான் இருக்கின்றன. கதவு பூட்டியில்லை, நாம்தான் தட்டவில்லை.

நான் ஏற்கிற எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். சர்க்கரை இறங்குவதே தெரியாமல் போய்விட்டவர்கள் சிலர் இருக்கிறார்கள். நடுக்கமும் வியர்வையும் வராமல் நேரே மயக்கத்துக்குப் போகிறவர்கள். அவர்களுக்குச் சான்று தரக் கூடாது. அண்மைக் காலத்தில் பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குச் சர்க்கரை இறங்கியவர்களுக்கும் கூடாது. விழித்திரை கெட்டவர்களுக்கும் கூடாது. தனி ஒருவர் பயணிகளை ஏற்றிப் பறப்பதற்கும் இப்போதைக்கு வேண்டாம். விமானப் படை தனிக் கதை. தாம்பரத்தில் 1954 முதல் இயங்கும் பறத்தல் பயிற்சியாளர் பள்ளியின் விமானங்கள் வண்டலூருக்கு மேலே குட்டிக்கரணம் அடிப்பதை நாம் எல்லாரும் அண்ணாந்து பார்த்திருக்கிறோம். அந்த உடல் அழுத்தத்துக்கும் போர்க்களத்துக்கும் படை தன் அளவுகோலை வைத்துக்கொள்ளட்டும். நான் பேசுவது மாலை விமானத்தில் மதுரைக்கும் மும்பைக்கும் நம்மைக் கொண்டுபோகிறவர்களைப் பற்றி.

இதைச் செய்ய நம்மிடம் ஆளும் அறிவும் இல்லையா? பேராசிரியர் எம்.விஸ்வநாதன் 1954-இல் ராயபுரத்தில் சர்க்கரை நோய்க்கென்றே மருத்துவமனை தொடங்கினார். இண்டியாப் ஆய்வை வழிநடத்தியது சென்னை ஆராய்ச்சி நிறுவனம். விமான மருத்துவத்துக்குப் பெங்களூரில் விமானப் படையின் நிறுவனம் 1957 முதல் இருக்கிறது. இடையில் ஒரு இரவு ரயில் பயணம். இரண்டு தரப்பும் ஒரே மேஜையில் உட்கார வேண்டும். இயக்குநரகம் அழைக்க வேண்டும். ஏற்கெனவே வணிக விமானங்களில் பறந்து, மாத்திரைக்கு அடங்காமல் ஊசி தேவைப்படுகிற கேப்டன்களிலிருந்து சிலரைத் தேர்ந்தெடுத்து, சென்சர் கட்டாயம், இன்னொரு விமானி கட்டாயம், ஒவ்வொரு அளவும் பதிவு என்று சில ஆண்டுகள் நடத்திப் பார்க்க வேண்டும். சென்சர் செலவை நிறுவனம் ஏற்க வேண்டும். சர்க்கரையை இறக்கக்கூடிய மாத்திரை எடுக்கிறவர்களுக்கும் இதே சோதனை வேண்டும். தானாக முன்வந்து நோயைச் சொல்கிறவருக்கு, சிகிச்சை நிலைப்படும் வரை தரையில் வேறு வேலையும் சம்பளமும் உறுதி செய்ய வேண்டும். இந்தக் கடைசி ஏற்பாடு இல்லாவிட்டால் மற்றவை காகிதத்தோடு நிற்கும். பட்டினி போட்டுவிட்டு உண்மையைப் பேசச் சொல்ல முடியாது.

முதல் வகை நோயோடு வளரும் பிள்ளைகளின் பெற்றோர் மாமல்லபுரத்திலிருந்தும் கேளம்பாக்கத்திலிருந்தும் வருகிறார்கள். “பைலட் ஆகணும்னு சொல்றான், என்ன சொல்லட்டும் டாக்டர்?” என்று கேட்கிறார்கள். இந்தியாவில் இன்றைய விதிப்படி முடியாது என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதே பிள்ளை வேறு நாட்டில் பிறந்திருந்தால் முயன்று பார்க்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கணக்கும் இயற்பியலும் நன்றாகப் படிக்கட்டும், சர்க்கரையை ஒழுங்காக அளந்து எழுதட்டும், ஆசையை மட்டும் இப்போதே வெட்டிவிடாதீர்கள்.

இதை வாசிக்கிற விமானி யாரேனும் பையில் பதிவில் இல்லாத மாத்திரை வைத்திருந்தால் அவருக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை சீருடை போடுமுன் உங்கள் மருத்துவரிடம் போய் அதைச் சொல்லிவிடுங்கள். மெட்ஃபார்மினுக்கு இன்றைய விதியிலேயே இடம் இருக்கிறது. தற்காலிகமாகத் தகுதி நிறுத்தப்பட்டு, சர்க்கரை அடங்கியதும் சான்றைத் திரும்பப் பெற்றுப் பறக்கிறவர்கள் இருக்கிறார்கள்.